பாடி ஸ்கேனர்: வருடியா, அலகியா, வேறொன்றா?

காரைக்குடியில் ‘ஸ்கேன்’ என்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வயிறுதான். எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்பு கண்ணில் படும். அந்தச் சொல்லையே விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? மகளைப் பார்க்க அமெரிக்கா புறப்பட்ட எங்கள் தெரு ஆச்சி ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, அங்கே பாடி ஸ்கேன் எடுக்கிறார்களாமே, வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரியுமா? எடுத்த படத்தை யார் பார்ப்பார்கள்? கூச்சமாக இருக்காதா?” முதல் கேள்வியைக் கிளப்பியது சொல். மற்ற இரண்டும் கருவியைப் பற்றியவை. அவற்றை அமெரிக்காவும் ஐரோப்பாவும் சில ஆண்டுகள் உரக்கவே கேட்டுக்கொண்டிருந்தன.

சொல்லிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘ஸ்காந்தெரே’ என்றால் ஏறுதல். செய்யுளின் அடியை ஏறியும் இறங்கியும் நடக்கும் சீர்களாகப் பிரித்து அளப்பதற்கு அந்த வினை பயன்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் ‘ஸ்கேன்’ நுழைந்ததும் இந்தப் பொருளோடுதான். பிறகு எதையும் நுணுகி ஆராய்வது என்று விரிந்தது. தொலைக்காட்சியை உருவாக்கியவர்கள் படத்தை வரிவரியாகப் பிரித்து அனுப்ப முயன்றபோது இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அது பரவியது. இதே வேருக்கு வடமொழியில் ஓர் உறவு உண்டு: ‘ஸ்கந்த்’, அதாவது தாவுதல், பாய்தல். ஸ்கந்தன் என்ற பெயரையும் அந்த வேரிலிருந்து வருவிப்பார்கள். அப்படிப் பார்த்தால் குன்றக்குடி மலைமேல் இருக்கும் கந்தனுக்கும் விமான நிலையக் கருவிக்கும் தூரத்துச் சொந்தம்!

செய்யுளைப் பிரித்து அளப்பதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போகும்? அலகிடுதல் என்பதே அது. வெண்பாவை அசை பிரித்து, நேர், நிரை என்று குறித்து, தேமா, புளிமா என்று பள்ளியில் வாய்பாடு எழுதுவோமே, அதுதான். அலகு என்றால் அளவு, எண்ணுவதற்கான கூறு. ஸ்கேன் நடந்த வழியிலேயே நடந்தால் ஸ்கேனருக்கு ‘அலகி’ என்று பெயர் வைக்கலாம். அப்படிச் சொல்வோரும் உண்டு. செயலுக்கும் பொருந்துகிறது. புள்ளி புள்ளியாக அளந்து, அளவுகளைச் சேர்த்து உருவம் அமைப்பதுதானே அந்தக் கருவியின் வேலை. ஆனால் எங்கள் ஊரில் இது செல்லுபடியாகாது. மாசி-பங்குனித் திருவிழாவில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்கு அலகு குத்தி வருபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் ‘உடல் அலகி’ என்று பலகை வைத்தால், டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நிலைத்துவிட்ட சொல் ‘வருடி’. தாள்மேல் ஒரு கோட்டு வெளிச்சம் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்தவர் யாரோ தென்றல் வருடுவதை நினைத்துக்கொண்டு சூட்டிய பெயர் போலும். நல்ல பெயர். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. தொட்டால் உதிரும் தாளைப் படமாக்கும் வேலைக்கு ‘வருடுதல்’ என்பதைவிடப் பதமான சொல் கிடைக்காது.

ஆளுக்கு அதே சொல்லைச் சூட்டும்போதுதான் எனக்கு இடிக்கிறது. வருடுதல் தொடுதலின் ஒரு வகை, பரிவோடு தொடுவது. இந்தக் கருவியோ தொடுவதே இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் போகவேண்டும். தரையில் வரைந்திருக்கும் பாதச் சுவடுகளின்மேல் காலை அகற்றி நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கவேண்டும். இரு பக்கமும் நிற்கும் கம்பங்கள் ஓரிரு விநாடியில் சுற்றி வந்து நிற்கும். வெளியே உள்ள திரையில் ஒரு பொம்மை உருவம் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒல்லிக்கும் பருமனுக்கும் அதே பொம்மைதான். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம் விழும். அந்த இடத்தை மட்டும் காவலர் கையால் தடவிப் பார்ப்பார். கருவியே வேண்டாம் என்று மறுத்தாலோ உடல் முழுவதையும் தடவிப் பார்ப்பார்கள். ஆக, வருடி வருடுவதில்லை. அதை வேண்டாம் என்றால்தான் கை வந்து வருடுகிறது.

கூண்டுக்குள் நடப்பது இதுதான். மில்லிமீட்டர் அலை எனப்படும் ரேடியோ அலையைக் கருவி வீசுகிறது. துணி அதைத் தடுக்காது. நீர் நிறைந்த தோல் திருப்பி அனுப்பிவிடும். துணிக்கும் தோலுக்கும் நடுவே ஏதாவது இருந்தால் திரும்பி வரும் அலை மாறும். தோலைத் தாண்டி உள்ளே போகாது என்பதால் வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. ஆச்சியின் முதல் கேள்விக்கு இதுவே பதில். துணி மடிப்பும் வியர்வையும் கருவியை ஏமாற்றுவதுண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் விமான நிலையத்தில் சுமார் 8 லட்சம் பயணிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, பொய் எச்சரிக்கை மிகுதி என்று 2011-இல் அந்நாட்டு அரசு திட்டத்தை ஒத்திவைத்தது. மடிப்பு வைத்த ஆடைகள் அதற்கு ஒரு காரணம். சட்டை மடிப்புக்கே அந்தப் பாடு என்றால், காரைக்குடிக் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் நிற்கும் ஆச்சிக்கு இடுப்பில் மஞ்சள் கட்டம் விழாதா? விழும் என்றே அவரிடம் சொல்லிவைத்தேன்.

பொம்மை உருவம் தானாக வந்துவிடவில்லை. 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் வெடிமருந்தை மறைத்து ஏறிவிட்டார். மருந்து வெடிக்காமல் தீப்பற்றியதோடு நின்றதால் பயணிகள் பிழைத்தார்கள். மெட்டல் டிடெக்டர் வாசல் உலோகத்தைத்தான் அறியும்; மருந்துத் தூளை அறியாது. அடுத்த ஆண்டே அமெரிக்கா ஸ்கேனர்களை நூற்றுக்கணக்கில் நிறுவியது. அவற்றில் இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்ன அலைக் கருவி. மற்றது, தோலில் பட்டுச் சிதறித் திரும்பும் எக்ஸ்ரேயைக் கொண்டு படம் எடுப்பது. இரண்டுமே அன்று காட்டியது பொம்மையை அல்ல, ஆளை. உடல்வடிவம் துணியின்றித் தெரிந்தது. புற்றுநோய் அறுவைக்குப் பின் வைத்துக்கொண்ட செயற்கை மார்பு தெரிந்தது; சிறுநீரைச் சேர்க்க உடலுக்கு வெளியே மாட்டிய பை தெரிந்தது. வேறு அறையில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார், படம் சேமிக்கப்படாது என்று சமாதானம் சொன்னார்கள். அந்த ஆண்டிலேயே ஒரு செய்தி வெளிவந்தது. விமான நிலையத்தில் அல்ல, ஃபுளோரிடாவில் ஒரு நீதிமன்ற வாசலில் இருந்த ஸ்கேனர் சுமார் 35,000 படங்களைச் சேமித்து வைத்திருந்தது. மங்கலான படங்கள்தான். ஆனாலும் ‘சேமிக்கப்படாது’ என்ற வாக்கை அதன்பின் யார் நம்புவார்கள்?

விமான நிலைய ஸ்கேனர்களை எதிர்த்து வழக்கு நடந்தது. 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியைத் தடை செய்யவில்லை. மக்கள் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்தது முறையல்ல என்றது. பொம்மை உருவம் மட்டுமே காட்டவேண்டும் என்று 2012-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. எக்ஸ்ரே வகைக்கு அந்த மென்பொருளை உரிய காலத்தில் தர முடியாததால் 2013 மே மாதத்துக்குள் அவை விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. கதிர்வீச்சு அச்சத்தால் அகற்றினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள்; அகற்றக் காரணம் கூச்சம்தான். ஒரு தடவைக்கு அது தந்த கதிர்வீச்சு, விமானம் உயரத்தில் சில நிமிடம் பறக்கும்போது நம்மேல் படுகிற அளவே. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் விதி வகுத்தபோது எக்ஸ்ரே வகையை அனுமதிக்கவில்லை. படத்தைச் சேமிக்கக் கூடாது, மறுப்பவருக்கு வேறு சோதனை தரவேண்டும் என்றும் சேர்த்தது. அங்கே கூச்சத்தோடு உடல்நலமும் கணக்கில் வந்தது. இந்தியாவில் 84 விமான நிலையங்களில் ஸ்கேனர் வைக்கவேண்டும் என்று 2019-இல் உத்தரவு வந்தது. 2020 மார்ச் கெடு. கெடு கடந்தும் பெரும்பாலான இடங்களில் பழைய உலோக வாசலும், கையில் பிடித்து நீவும் கருவியும், பெண்களுக்கு ஒரு திரைமறைவும்தான் தொடர்ந்தன.

இத்தனை சண்டையிலும் புழங்கிய சொல் ‘பிரைவசி’. தமிழில் ‘தனியுரிமை’ என்று எழுதுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. ஒருவருக்கு மட்டும் உரிய சொத்துரிமை என்ற வாடை அதில் அடிக்கிறது. ‘அந்தரங்கம்’ வடசொல்தான். ஆனால் பிரித்துப் பாருங்கள்: அந்தர், அங்கம். உள்ளே இருக்கும் அங்கம். பாடி ஸ்கேனர் விவகாரத்துக்கென்றே செய்து வைத்தது போல் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது ‘அந்தரங்க உரிமை’ என்று எழுதிய இதழ்களின் பக்கமே நான். எங்கள் ஊர் வீடுகளில் முகப்போடு நிற்க வேண்டியவர் யார், முற்றத்தைச் சுற்றிய வளவு வரை வரலாமா, இரண்டாம் கட்டுக்குள் யாருக்கு அனுமதி என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அந்தரங்கமும் அப்படிப் படிப்படியானதுதான்: உலோக வாசல் முகப்பு, பொம்மை உருவம் வளவு, 2010-ஆம் ஆண்டுப் படம் இரண்டாம் கட்டு. எல்லோருக்கும் இது கிடைத்ததா என்றால் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, உடலைப் பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இனி ‘ஸ்கிரீனிங்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திரை என்றும் பொருள், நிலக்கரியும் தானியமும் சலிக்கும் சல்லடை என்றும் பொருள். பாதுகாப்புச் சோதனைக்கு வந்தது சல்லடைப் பொருள். நம் செய்தித்தாள்கள் ‘போலீசார் சல்லடை போட்டுத் தேடினர்’ என்று எழுதுவது இதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஆனால் ‘சலித்தல்’ என்று தனியே எழுதினால் அலுப்பு என்ற பொருள் முந்திக்கொள்ளும். ‘சோதனை’யே போதும். வடமொழியில் தூய்மை செய்தல் என்ற வேரிலிருந்து வந்து, தமிழில் ‘ஆண்டவன் சோதனை’ வரைக்கும் பொருள் வளர்த்துக்கொண்ட சொல் அது.

ஸ்கிரீனும் ஸ்கேனும் ஒன்றல்லவா என்று கேட்டால், 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தைக் காட்டலாம். அதன் 103-ஆம் பிரிவில் 2019-இல் செய்த திருத்தம் இரண்டையும் ‘அல்லது’ போட்டு அடுத்தடுத்து வைக்கிறது. உடலுக்குள் பொருளை மறைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் மேலதிகாரியின் முன் ஒப்புதலோடு ஆளைச் சோதிக்கலாம். அவருடைய சம்மதத்தையும் சட்டம் பேசுகிறது. மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கவேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் திருச்சிக்கு வந்து இறங்கும் ‘குருவி’கள் தங்கப் பசையை உடலுக்குள் வைத்துப் பிடிபடும் செய்தியில் வருவது இந்தச் சோதனை. விமானம் ஏறுமுன் நடப்பது வேறு, இறங்கிய பின் நடப்பது வேறு. கருவியும் வேறு, சட்டமும் வேறு. நாளிதழ்களோ இரண்டையும் ‘ஸ்கேன் செய்ததில்’ என்றே எழுதிவிடுகின்றன.

எனக்கு இதில் ஒரே வழக்குத்தான். வயிற்றுக்கு எடுப்பது ஒலி அலை. சிடி ஸ்கேன் எக்ஸ்ரே. எம்ஆர்ஐ காந்தம். தாளுக்கு வெளிச்சம். கூண்டுக்குள் ரேடியோ அலை. ஐந்தையும் ஸ்கேன் என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டு, மக்கள் ஏன் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று கேட்பது நியாயமல்ல. ‘மெய்காட்டி’ என்ற சொல்லைக்கூட யோசித்துப் பார்த்தேன். படையை அரசன்முன் நேரில் நிறுத்திக் காட்டுவதற்கு மெய்க்காட்டு என்பது பழைய சொல். மதுரைத் தலபுராணத்தில் இறைவனே படையோடு வந்து பாண்டியனுக்கு மெய்க்காட்டுகிறார். கம்பீரமான சொல்தான். ஆனால் 2010-ஆம் ஆண்டுக் கருவிக்குப் பொருந்தியது இன்றையதற்குப் பொருந்தாது. இது மெய்யைக் காட்டுவதில்லை. மறைத்துப் பொம்மையைக் காட்டுகிறது.

ஆகவே கருவிக்கு ‘உடல் வருடி’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பழகிய பெயரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. செயலுக்கு மட்டும் மூன்று பெயர் கேட்கிறேன்: அலைச்சோதனை, கதிர்ச்சோதனை, கைச்சோதனை. முதலாவது கூண்டு, இரண்டாவது எக்ஸ்ரே, மூன்றாவது காவலரின் கை. விமான நிலையப் பலகையில் ‘இங்கே அலைச்சோதனை, கதிர் இல்லை, படம் சேமிக்கப்படுவதில்லை, விரும்பினால் கைச்சோதனை கேட்கலாம்’ என்று இருந்தால் படிப்பவருக்கு விளங்கும். பலகை எழுதுகிறவருக்கும் அத்தனையும் உண்மைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டிவரும். அலைச்சோதனை என்றால் அலையவிடும் சோதனை என்று கேலி செய்வார்களே என்றார் நண்பர் ஒருவர். விடியற்காலை விமானத்துக்கு நடுநிசியிலிருந்து வரிசையில் நின்றவர்கள் அந்தப் பொருளையும் மறுக்கமாட்டார்கள்.