வர்க்கின்னா என்ன அர்த்தம், தமிழ்ல எப்படி சொல்லலாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டீயோட சேர்த்து சாப்பிடற, மொறுமொறுன்னு கொஞ்சம் முரடா இருக்கற அந்த பேக்கரி ஐட்டம்தான் வர்க்கி. 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருச்சு, ஆனா பேருக்கு அர்த்தம் கேட்டா நம்ம மலைக்காரங்களே "ஒரு மாதிரி பிஸ்கட்டு"ன்னு முடிச்சிடறாங்க.

சொல்லோட வேர் அரபி. அங்க 'வரக்'னா இலை, புத்தகத்துல இருக்கற தாளும் அதேதான். பாரசீகம், உருது வழியா இந்தப் பக்கம் வந்து, ஏடு ஏடா பிரியற பலகாரத்துக்கு வர்க்கின்னு பேரு நின்னுருச்சு, வடக்க வர்க்கி பராத்தான்னே ஒண்ணு இருக்கு, காஜு கத்லி மேல ஒட்டற வெள்ளி வரக்கும் இதே சொல்லுதான். ஒரு வர்க்கிய நடுவுல புட்டுப் பாருங்க, உள்ள மெல்லிசா தாள் மாதிரி பிரியும். மைதா மாவ புளிக்க வெச்சு, இழுத்து விரிச்சு, வனஸ்பதி தடவி மடிச்சு, விறகு அடுப்புல வேக வெக்கறப்போ நடுவுல இருக்கற கொழுப்பு ஒட்ட விடாம தடுக்குது, மாவுல இருக்கற ஈரம் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கி விட்டுருது. குரோசான்ங்கற பிரெஞ்சு அடுக்கு ரொட்டி, பஃப் எல்லாமே இந்த வேலைதான்.

தமிழ்ல 'அடுக்கு ரொட்டி'ன்னு சொல்லலாம், தப்பில்ல. ஆனா எனக்கு 'ஏட்டு ரொட்டி'தான் சரின்னு படுது. பூவிதழும் ஏடு, ஓலைச்சுவடியில இருக்கற ஓலையும் ஏடு, காய்ச்சின பால் மேல படியறது பாலேடு, அரபிச் சொல்லு மாதிரியே இலையையும் தாளையும் ஒண்ணா பிடிக்கற சொல்லு நம்மகிட்ட இருக்கு. ஊட்டி வர்க்கிக்கு பேர மாத்த வேணாம், அது இந்த ஊரோட பேரு. குரோசானுக்கும் பஃபுக்கும் தமிழ்ல எழுதறப்போ ஏட்டு ரொட்டி, ஏட்டுப் பணியாரம்னு தாராளமா எழுதலாம்.

கிளாஸ்ல அடுக்கி சாப்பிடற டெசர்ட்டுக்கு வர்க்கி அருமையா பொருந்தும். ஒரு லிட்டர் பால பாதியா சுண்டக் காய்ச்சி, பாலேட்ட வழிச்சு வழிச்சு உள்ளயே விட்டு, சர்க்கரை, ஏலக்கா போட்டு நல்லா ஆற விடுங்க. வர்க்கிய பொடியாக்காம துண்டு துண்டா உடைச்சுப் போட்டு, மேல பாலு, திரும்ப வர்க்கி, மேல ஸ்ட்ராபெர்ரி. சூடா ஊத்தினா கொழகொழன்னு ஆயிரும், பரிமாறறதுக்கு கொஞ்சம் முன்னாடி அடுக்கினா போதும்.