ஈர மண்ணில் வாடும் செடி

கடலோர ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு ஃபிட்டோனியா இருக்கிறது. கையகலச் செடி. பச்சை இலை முழுக்க வெள்ளை நரம்புகள் வலைக்கண்ணிபோல ஓடும். பெரு, கொலம்பியா பக்கத்து மழைக்காடுகளில் மர நிழலில் தரையோடு படர்ந்து கிடப்பது இதன் இயல்பு. தண்ணீர் குறைந்தால் துவண்டு விழும். ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். போன கோடையில் ஊற்றியும் எழவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் மண் சொதசொதவென்று ஈரம். தாகம் தீரவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். அதுதான் தப்பு.

இந்தச் செடிக்குக் கட்டைத் தண்டு கிடையாது. செல்லுக்குள் நிறைந்த நீர் செல்சுவரை அழுத்துவதால்தான் நிமிர்ந்து நிற்கிறது, காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி. அந்த நீர் வேர் வழியே வர வேண்டும். வேர்ச் செல்லின் சவ்வு நீரைத் தாராளமாக விடும், உப்பை அவ்வளவு எளிதாக விடாது. எந்தப் பக்கம் கரைசல் கெட்டியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நீர் நகரும். சாதாரணமாக வேருக்குள்தான் கெட்டி. ஆகவே நீர் உள்ளே வரும். மண்ணில் உப்பு ஏற ஏற இந்த வரத்து குறையும். மிகவும் ஏறிவிட்டால் வேரிலிருந்தே நீர் வெளியே போகும். கருவாட்டுக்கு உப்புப் போட்ட மீன் நீர் விடுகிறதே, அதே கதைதான். மண் நனைந்திருந்தாலும் செடிக்கு அது வறட்சி.

சரி, உப்பு எங்கிருந்து வந்தது? எங்கள் போர் தண்ணீர்தான். குடிக்க வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவு, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் கரைந்த உப்புகள். அந்த அளவு நீரை, அடியில் வடியாத தொட்டிக்குத் தினம் 50 மில்லி ஊற்றினால், ஒரு மாதத்தில் 3 கிராம் சேர்ந்துவிடும். அரை டீஸ்பூன்! வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் இங்கேயும்: நீர் ஆவியாகும், உப்பு தங்கும். இலையும் அப்படித்தான். வேரைத் தாண்டி ஏறிய உப்பு, நீர் ஆவியாகிப் போன பின் இலை ஓரத்திலும் நுனியிலும் தேங்கி அங்கே கருக வைக்கும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் நாட்களில் ஆவியாவதும் அதிகம், கருகலும் அதிகம்.

காரங்காட்டில் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்துக்கு இந்தக் கவலையில்லை. உப்பின் பெரும்பகுதியை அதன் வேரே தடுத்துவிடும்; மீறி நுழைந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மழைக்காட்டு ஃபிட்டோனியாவுக்கு அந்த வித்தை தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் அதற்கு வந்ததேயில்லை.

மருந்து எளிது: கழுவி விடுவது. துளையுள்ள தொட்டியில், தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். அடித்தட்டில் தேங்க விட்டால் உப்பு மறுபடி மேலேறும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைநீர் உத்தமம். ஏசியிலிருந்து சொட்டும் நீரும் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்ததுதான். அதில் உப்பு அநேகமாக இல்லை. ஆனால் ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறோமே, அது மூல நீரைவிட உப்புக் கூடியது. உரமும் ஒருவகை உப்புதான் என்பதால் இந்த நேரத்தில் போடக் கூடாது.

வெயில் நேராகப் படாத வெளிச்சம் போதும். கடலோரக் காற்றின் ஈரம் இதற்குப் பிடித்தமானது. அந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் அதற்குத் தோதுதான்.

கழுவிய மூன்றாம் நாள் செடி எழுந்தது. கருகிய ஓரங்கள் மட்டும் பச்சையாகவில்லை. செத்த செல் திரும்பாது. அந்த இலைகளை நறுக்கிவிட்டேன். அப்புறம் கணுவிலிருந்து புதுத் துளிர் வந்தது.