ஒரு பல் தானே!

போன வாரம் என் சாணைப் பட்டறைக்கு மரம் அறுக்கும் வட்டப் பிளேடு ஒன்று வந்தது. 12 இஞ்ச், 40 பல். ஒரு பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் வெட்டுத் துண்டு, அதாவது டிப், கழன்றதும் பக்கத்து வெல்டிங் பட்டறையில் கரண்ட் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மறுநாளே அது பிய்த்துக்கொண்டு போய், கட்டை தள்ளிய பையனின் புருவத்தைக் கிழித்துவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது கேஸ் இது.

நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் 12 இஞ்ச் பிளேடின் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கிருந்து கழலும் டிப் அதே வேகத்தில்தான் வரும்.

டிப் மிகக் கடினமான கார்பைடு, தகடு எஃகு. இரண்டையும் வெள்ளிப் பற்றுக்கம்பியை உருக்கி, சுமார் 700 டிகிரி சூட்டில் ஒட்ட வேண்டும். கரண்ட் வெல்டிங்கில் எஃகே உருகும். சுற்றியுள்ள தகட்டின் பதம் போகும், பல்லடியில் விரிசல் விடும். ஒட்டிய சூட்டோடு தண்ணீரில் முக்குகிறவர்களும் உண்டு. எஃகு சுருங்குகிற அளவுக்குக் கார்பைடு சுருங்காது, டிப் கீறிவிடும். காற்றில் ஆறட்டுமே, என்ன அவசரம்?

அப்புறம், எல்லோரும் என்னிடம் சண்டை போடும் விஷயம்: "ஒரு டிப் மாத்தச் சொன்னா முழு பிளேடுக்கும் சாணைக் காசு கேக்குறீங்களே?" ஐயா, மற்ற 39 பல்லும் தேய்ந்திருக்கின்றன. புது டிப் மட்டும் உயரமாக நிற்கும். அப்படியே மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தை முதலில் கடிப்பது அது ஒன்றுதான். 40 பேர் தூக்க வேண்டிய சப்பரத்தை ஒருத்தன் தலையில் வைத்தால் எத்தனை நாள் நிற்பான்? பக்கவாட்டிலும் இதே கதை. 2.2 மில்லி தகட்டில் 3.2 மில்லி டிப் என்றால் இருபுறமும் அரை மில்லி துருத்தும். ஒரு பல் மட்டும் கூடுதலாகத் துருத்தினால் பலகை முழுக்கக் கோடு விழும். "பிளேடு சரியில்லை" என்று திரும்ப என்னிடமே வருவீர்கள்! அந்த ஒரு பல்லை இறக்கி மற்றவற்றோடு சமன் செய்யத்தான் முழுச் சாணை.

பல் போனது தெரிந்ததும் மெஷினை நிறுத்துங்கள். "இந்த லோடு மட்டும் முடிச்சுடறேன்" வேண்டாம், அடுத்த பல் இரட்டைக் கடி கடித்து அதுவும் போகும். மெயினை அணைத்துவிட்டுப் பிளேடைக் கழற்றுங்கள். பல்லடியில் விரிசல் இருந்தால் அந்தப் பிளேடைப் பழைய இரும்புக்குப் போடுங்கள், என்னிடம் கெஞ்ச வேண்டாம். வீடு இடித்த உத்தரம் என்றால் ஆணி தேடாமல் மெஷினில் ஏற்றாதீர்கள். மெஷினில் நிற்பவரைப் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், தயவுசெய்து. அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது.

கழன்ற டிப்பையும் மரத்தூளில் தேடிக் கொண்டு வாருங்கள். உடைந்ததா, ஒட்டு விட்டதா என்று அதைப் பார்த்தால் தெரியும். கிடைக்காவிட்டால் அறுத்த கட்டையைச் சோதியுங்கள். அதற்குள் பதிந்திருந்தால் அடுத்த பிளேடும் என் மேசைக்குத்தான் வரும்.