எச்.ஐ.வி. பாடம்: ஆசிரியருக்கு எதில் பயிற்சி தேவை?

எச்.ஐ.வி. எந்தெந்த வழிகளில் பரவும், எவற்றால் பரவாது என்று நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற நான்கையும் விளக்கி முடிக்க அரை மணி நேரம் போதும். அதே ஆசிரியரை எழுந்து வரச்செய்து, எதிரே அமர்ந்திருக்கும் சக ஆசிரியர்களை ஏழாம் வகுப்பு மாணவர்களாக எண்ணிக்கொண்டு ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னால், "உடலுறவு" என்ற சொல் வரவேண்டிய இடத்தில் குரல் தாழ்ந்து, "தவறான பழக்கம்" என்று மாறிவிடுகிறது. முடிவெடுத்தல், தெளிவாகப் பேசுதல் போன்ற வாழ்க்கைத் திறன்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளராக நான் தொடர்ந்து காண்பது இதைத்தான். பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி இந்த ஐந்து நிமிடத்தைச் செம்மைப்படுத்துவதற்கே செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"தவறான பழக்கம்" என்ற அந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்ட விழிப்புணர்வு விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினர்தான் இன்று வகுப்பறைகளில் கற்பிக்கிறார்கள். நோயைப் பற்றி ஊரே பேசத் தொடங்கியதில் அத்தகைய பரப்புரைகளுக்குப் பங்கு உண்டு என்றாலும், நடத்தை கெட்டவருக்கு வரும் நோய் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே பலர் மனத்தில் தங்கிவிட்டது. ஆனால் தொடக்கப் பள்ளியில் எச்.ஐ.வி. தொற்றோடு படிக்கும் ஒரு பிள்ளை ஏறக்குறைய எப்போதும் தாயிடமிருந்தே அதைப் பெற்றிருக்கும். நாள்தோறும் குறித்த நேரத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும் அந்தப் பிள்ளை, "தப்பு செய்தவங்களுக்கு வர்ற நோய்" என்று தன் ஆசிரியர் வாயாலேயே கேட்டால், அம்மாவைப் பற்றி என்ன நினைக்கும்? இந்தக் கேள்வியைப் பயிற்சி அறையில் வைத்தவுடன் உண்டாகும் அமைதிக்குப் பிறகுதான் ஆசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்பைத் தாங்களே திருத்தத் தொடங்குகிறார்கள்.

திருத்துவதற்குத் தேவையான செய்திகளும் அப்போதுதான் மனத்தில் பதிகின்றன. சிகிச்சை ஏதுமின்றித் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. தாய் உரிய காலத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை பெற்றால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட முடியும். இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் அந்த மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. தாம்பரம் மருத்துவமனை தொடக்கத்திலேயே அதை வழங்கிய மையங்களுள் ஒன்று. ஒழுங்காக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை.

பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை உள்ள ஆசிரியர்களே தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "எந்தப் பிள்ளைக்கு இருக்குன்னு எங்களுக்கு மட்டும் சொன்னா, நாங்க கவனமா பார்த்துக்குவோமே?" 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதையும், ஒருவரது நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடை செய்கிறது. சட்டத்தைச் சொல்வதோடு நில்லாமல், அது ஏன் நடைமுறைக்கும் ஏற்றது என்பதைச் செய்துகாட்டுகிறோம். விளையாட்டில் முழங்கால் சிராய்த்து இரத்தம் வந்தால், அது எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கையுறை அணிந்து காயத்தைத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டு, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும். எல்லோருக்கும் இப்படிச் செய்யும் பள்ளியில் யாருக்குத் தொற்று உள்ளது என்று அறிய வேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி, பிள்ளைகளின் கேள்விகள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடும் முறையைப் பயிற்சியிலேயே நடத்திப் பார்க்கிறோம். "கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமா?" என்ற சீட்டு வராத பெட்டி அரிது. "வராது" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஊசியால் பரவும்போது கொசுவால் ஏன் பரவாது என்று அடுத்த கேள்வி வரும். கொசு கடிக்கும்போது நம் உடலுக்குள் செலுத்துவது அதன் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அன்று, எச்.ஐ.வி. கொசுவின் உடலில் பெருகவும் முடியாமல் செரித்துப்போகிறது. இந்த இரண்டு செய்திகளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல ஆசிரியர் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது. பதில் தெரியாத சீட்டு வந்தால், "விசாரித்து நாளை சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்வதையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறோம்.

வாழ்க்கைத் திறன்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்தையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது எளிது. அவற்றுள் ஒன்றையாவது பிள்ளை செய்து பழக வேண்டும். "பழக்கமான அண்ணன் ஒருவர் பைக்கில் ஏறச் சொல்கிறார், உனக்கு விருப்பமில்லை. என்ன செய்வாய்?" என்று கேட்டால், "வேண்டாம்னு சொல்லணும் சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அதே பிள்ளையை நிற்கவைத்து, மற்றொருவரை அண்ணனாக நடிக்கவைத்தால், தலை குனிந்து, சிரித்து, வாய்க்குள்ளேயே முனகும். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று நாள் முழுதும் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைக்குப் பெரியவரிடம் மறுத்துப் பேசும் உரிமை உண்டு என்பதை ஆசிரியர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல ஆசிரியர்களுக்கே இது உள்ளூரத் தயக்கம் தரும் இடம். அதனால்தான் நிமிர்ந்து பார்த்து, உரக்க மறுத்து, அங்கிருந்து விலகி, நம்பும் ஒருவரிடம் போய்ச் சொல்வது வரை முழுவதையும் முதலில் அவர்களையே நடித்துக்காட்டச் செய்கிறோம்.

இவ்வாறு பேசத் தொடங்கும் வகுப்பில் ஏதேனும் ஒரு பிள்ளை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் கூடும். அந்த நேரத்தில் பதறாமல் கேட்பது, குறுக்கு விசாரணை செய்யாமலிருப்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அறிந்திருப்பது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை தனக்கு உண்டு என்பதை உணர்ந்திருப்பது ஆகியவை இல்லாமல் எந்த ஆசிரியரையும் இந்தப் பாடத்துக்கு அனுப்பக் கூடாது.

பயிற்சி மட்டுமே எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நானும் நம்பவில்லை. மேற்குக் கென்யாவில் 328 தொடக்கப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய ஆய்வில், அரசின் எச்.ஐ.வி. பாடத்திட்டப்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டதால் வகுப்பில் அதைப் பற்றிய பேச்சு கூடியது. ஆனால் பாதுகாப்பற்ற உடலுறவின் அளவுகோலாகக் கொள்ளப்பட்ட மாணவியரின் இளவயதுக் கர்ப்பம் குறைந்ததாகத் தெரியவில்லை. இலவசச் சீருடை தந்த பள்ளிகளில் இடைநிற்றலும் இளவயதுத் திருமணமும் குறைந்தன. சில பள்ளிகளில், வயது மூத்த ஆண்களிடையே தொற்று அதிகம் என்ற உண்மையை மட்டும் ஒரே வகுப்பில் எடுத்துச் சொன்னதற்கு இளவயதுக் கர்ப்பம் 28 விழுக்காடு குறைந்தது. பொதுவான அறிவுரையைக் காட்டிலும், தன் வாழ்க்கையில் எடுத்தாள முடிகிற திட்டவட்டமான செய்தியே பிள்ளைக்குப் பயன்படுகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே வட்டார வள மையத்தில் பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தவுடன் எங்கள் வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் ஒருமுறையாவது பள்ளிக்குச் சென்று, பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கேட்டு, அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரைத் தலைமையாசிரியருக்கு அறிமுகப்படுத்திவிட்டு வருகிறோம். கேள்விப் பெட்டியில் வந்து பதில் கிடைக்காத சீட்டுகளை ஆசிரியர்கள் அந்த ஆலோசகரிடமே கேட்டுக்கொள்கிறார்கள்.