பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பதன் அறிவியல்

டொயோட்டா 2012இல் ஜிடி86 காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் டயரைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், தாழ்வாக அமர்த்திய எஞ்சின் என்று எல்லாமே ஸ்போர்ட்ஸ் காருக்கு உரியவை. டயர் மட்டும் மிஷ்லின் பிரைமசி எச்பி. நெடுஞ்சாலையில் அலுங்காமல் போவதற்கென்று செய்யப்பட்டது. எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரின் சில வகைகளிலும் அதே டயர்தான். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு இதைத் தெரிந்தே செய்தது. பிடிப்பை அளவோடு வைத்தால், பந்தயத் தடம் வரை போகாமல், நிதானமான வேகத்திலேயே ஓட்டுநர் காரின் அசைவை உணர்ந்து விளையாட முடியும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த டயர் தேய்ந்து மொட்டையாகும்போது வண்டிக்காரருக்குக் கேள்வி வருகிறது. இன்னும் பிடிப்பான டயருக்கு மாறலாமா? எதற்கு மாறுவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறலாம், ஆனால் உங்கள் சாலையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற ரப்பரைத் தேடுங்கள், அகலத்தைத் தொடாதீர்கள். காரணம் ரப்பருக்குள் இருக்கிறது.

பள்ளியில் படித்த உராய்வு விதி ரப்பரிடம் செல்லுபடியாகாது. அந்த விதிப்படி உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம், வெப்பம், தொடும் பரப்பு எதுவும் அதை மாற்றாது. ரப்பரில் இந்த மூன்றுமே அதை மாற்றுகின்றன. 1963இல் க்ரோஷ் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் வெளியிட்ட சோதனை முடிவுகள் இன்றும் டயர் அறிவியலுக்கு அடித்தளம். ரப்பர் துண்டுகளை வழவழப்பான கண்ணாடி மீதும், உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின் மீதும், வெவ்வேறு வேகங்களிலும் வெப்பநிலைகளிலும் இழுத்து அவர் உராய்வை அளந்தார். கண்ணாடியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உராய்வு உச்சத்தைத் தொட்டது. சொரசொரப்பான பரப்பில் அதைவிட அதிக வேகத்தில் இன்னோர் உச்சமும் தெரிந்தது. அந்தப் பரப்பில் மெக்னீசியம் ஆக்சைடு பொடியைத் தூவியதும் முதல் உச்சம் காணாமல் போனது. இரண்டாவது அப்படியே நின்றது. ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் வழி ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் பரப்பை மிக நெருங்கி, ஒட்டி, நீண்டு, அறுந்து, மறுபடி ஒட்டுகின்றன. இடையில் பொடியோ தண்ணீரோ புகுந்தால் இது போய்விடும். இரண்டாவது வழியைப் பார்க்க, டயரின் ஒரே ஒரு பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டியை, மட்டும் பின்தொடர்வோம். ஜிடி86 மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, அந்த பட்டன் தரையைத் தொட்டு விலக ஏறத்தாழ 3 மில்லிநொடிதான் ஆகிறது. பிரேக் பிடிக்கையில் அந்த நேரத்துக்குள் அது தரையில் சற்றே வழுக்கியபடி, சாலையில் பதிந்த ஜல்லியின் ஒவ்வொரு மேட்டின் மீதும் ஏறி இறங்குகிறது. ஏறும் பக்கத்தில் ரப்பர் அமுங்குகிறது. இறங்கும் பக்கத்தில் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. அதனால் மேட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கிறது. இந்த வேறுபாடு காரைப் பின்னுக்கு இழுக்கிறது. செலவான ஆற்றல் ரப்பருக்குள் வெப்பமாகிறது. நனைந்த சாலையில் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றுவது இந்தத் தாமதம்தான்.

ரப்பர் எவ்வளவு தாமதிக்கும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. மிகக் குளிர்ந்தால் அது கண்ணாடிபோல் விறைத்து, ஜல்லியின் மேடு பள்ளங்களுக்குள் இறங்க மறுக்கும். மிகச் சூடானால் இளகிக் கிழிபடும். நடுவில் ரப்பர் நன்றாகப் பிடிக்கும் ஒரு வெப்பநிலைச் சரகம் உண்டு. டயர் வேதியியல் முழுவதும் அந்தச் சரகத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றியதுதான். கோடை டயர்களை வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தவிர்க்கச் சொல்வது இதனால். பந்தயத் தடத்துக்காகச் செய்யப்பட்டு, சாலையில் ஓட அனுமதி பெற்ற அரை ஸ்லிக் டயர்கள் நன்றாகச் சூடேறிய பிறகே தங்கள் முழுத் திறனைக் காட்டுகின்றன. குளிர்ந்த காலையில், ஈரத்தில், கடைக்குப் போய் வரும் தூரத்தில் அவை சூடாகப் போவதில்லை. அப்போது ஒரு நல்ல சாதாரண டயர் அவற்றைவிடப் பாதுகாப்பானது. தினமும் ஓட்டும் காருக்கு அரை ஸ்லிக் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஓர் அழகான சிக்கல் எழுகிறது. தாமதம் பிடிப்பைத் தருகிறது என்றால், அதே தாமதம் நேராக உருளும்போதும் ஆற்றலைத் தின்னுமே? தின்னும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. ஜிடி86 டயரின் விட்டம் 625 மி.மீ.; 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது உருளும் டயர் நொடிக்கு 14 முறை நசுங்கி எழுகிறது. ஜல்லி மேடுகள் மீது வழுக்கும் ரப்பரோ நொடிக்குப் பல்லாயிரம் முறையும் அதற்கு மேலும் அதிர்கிறது. ரப்பரைப் பொறுத்தவரை வேகமான அதிர்வும் குளிர்ச்சியும் ஒரே விளைவைத் தருபவை. அதனால் ஆய்வகத்தில் ரப்பரின் ஆற்றல் இழப்பை 0 டிகிரியில் அளந்து ஈரப் பிடிப்பையும், 60 டிகிரியில் அளந்து உருளும் தடையையும் கணிக்கிறார்கள். முதலாவது அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருக்க வேண்டும். கரித்தூள் மட்டுமே நிரப்பிய ரப்பரில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடிவிடும். 1992இல் மிஷ்லின் சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்து இந்த முடிச்சைத் தளர்த்தியது. இன்றைய உயர்திறன் டயர்கள் மழையில் இவ்வளவு நம்பிக்கை தருவதில் சிலிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிலிக்கா வருவதற்கு முந்தைய டயரை வைத்து இன்றையதை எடைபோட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இனி பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு செய்ததற்கு வருவோம். வளைவில் டயர் தான் நோக்கும் திசையில் அப்படியே போவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொள்வதால், சக்கரம் காட்டும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உருவாகிறது. அந்தக் கோணம் கூடக் கூடப் பக்கவாட்டு விசையும் கூடும். சாலை டயர்களில் ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரிக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். பிரைமசி போன்ற டயரில் இந்த உச்சம் தாழ்வானது, ஏற்ற இறக்கமும் மெதுவானது. எல்லை நெருங்குவது முன்கூட்டியே கையில் தெரிந்துவிடும். தீவிரமான உயர்திறன் டயரில் உச்சம் உயரம், இறக்கமும் செங்குத்து. வண்டி எல்லையைத் தாண்டுவது அதிக வேகத்தில் நடக்கும். சுதாரிக்கக் கிடைக்கும் நேரமும் குறையும். பிடிப்புக் கூடினால் மகிழ்ச்சி கூடும் என்று எண்ணுபவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், நனைந்த சாலையில் திடீரென்று நிற்க வேண்டியவருக்கு அந்தக் கூடுதல் பிடிப்பு உயிரையே காக்கும். டொயோட்டாவே அடுத்த தலைமுறை ஜிஆர்86 காரின் 18 அங்குலச் சக்கரங்களுக்கு மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 டயரைத் தேர்ந்தெடுத்தது. கோடை உயர்திறன் டயர்களில் இந்த ரகம்தான் என் தேர்வும்: எல்லையில் மென்மையானது, மழைக்கு அஞ்சாதது, சூடேறக் காத்திருக்காதது.

அகலத்தை ஏன் தொடக் கூடாது? ஓட்டுநரோடு சேர்த்து 1,320 கிலோ எடையை நான்கு டயர்கள் தாங்குகின்றன. டயருக்கு 330 கிலோ. காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ என்றால், தரையைத் தொடும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் சுமார் 134 சதுர செ.மீ., ஓர் உள்ளங்கை அளவுதான். டயரை அகலமாக்கினாலும் அழுத்தம் மாறாதவரை இந்தப் பரப்பு அதிகம் மாறாது. வடிவம் மட்டும் குட்டையாகவும் அகலமாகவும் மாறும். உலர்ந்த வளைவில் அதற்குப் பலன் உண்டு. மழையில் அதே அகலம் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். நாசாவில் வால்டர் ஹார்ன் குழுவினர் 1963இல் விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரப்படி, 35 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் ஆழமான நீரில் மணிக்கு ஏறத்தாழ 98 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். பட்டன் தேய்ந்த டயருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. புதிதில் 7, 8 மி.மீ. ஆழமுள்ள தண்ணீர்க் காடிகள் கொஞ்சம் கூடுதல் இடம் தரும். ஐரோப்பாவின் சட்டபூர்வ எல்லை 1.6 மி.மீ.; ஸ்போர்ட்ஸ் காருக்கு 3 மி.மீ. வந்தவுடனேயே மாற்றிவிடுவேன். சென்னையில் ஓட்டுபவருக்கு 7 டிகிரிக் கவலை வரவே வராது, இந்தக் கவலை ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும்.

அளவு மாறினால் வேகமானியும் பிசகும். ஜிடி86இன் அளவு 215/45 ஆர்17: அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், சக்கரம் 17 அங்குலம். அதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634 மி.மீ. ஆகிறது, 1.4 சதவீதம் அதிகம். பக்கச்சுவரில் உள்ள எடை எண்ணும் வேக எழுத்தும் பழையதற்குக் குறையவே கூடாது. ஜிடி86க்கு அது 87டபிள்யூ: ஒரு டயருக்கு 545 கிலோ, மணிக்கு 270 கி.மீ.

லேபிள்களை அளவோடு நம்புங்கள். ஐரோப்பிய லேபிளின் ஈரப் பிடிப்பு எழுத்து நேர்கோட்டு பிரேக்கை மட்டும் அளந்தது. வளைவையோ மிதத்தலையோ பற்றி அது எதுவும் சொல்லாது. அமெரிக்கத் தேய்மான எண், டெக்சாஸின் சான் ஏஞ்சலோ அருகே 7,200 மைல் ஓட்டிய சோதனையிலிருந்து நிறுவனமே அறிவிப்பது. ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது பயன்படும், இரு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாகப் பயன்படாது.

கடையில் டயரைப் பூட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இடமும் வலமும் வேறுபட்ட வார்ப்புள்ள டயரில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அது வெளியே தெரிகிறதா என்று நீங்களே சுற்றி வந்து பாருங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சிறந்தது. இரண்டுதான் முடியும் என்றால் புதிய இரண்டும் பின்னால் போகட்டும். முன்டயர் நீரில் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கைக்குத் திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழலும். புதிய டயரின் மேல்பூச்சு தேய்ந்து ரப்பர் முழுதாகச் சாலையைத் தொட முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை, குறிப்பாக மழையில், வளைவுகளில் அவசரம் வேண்டாம்.