பிள்ளை சொன்னால்தான் தெரியும்

சென்னையில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் கண்காணிப்புக்குக் குறைவே இல்லை. டியூஷனுக்குள் நுழைந்ததும் அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்துவிடுகிறது. ஸ்கூல் வேன் எந்த சிக்னலில் நிற்கிறது என்று ஆப் காட்டுகிறது. ஆனால் டியூஷன் விட்டு வீட்டுக்கு வரும் வழியில், பெட்டிக்கடை ஓரமாக நின்று யார் புகையிலையையோ மதுவையோ போதை மாத்திரையையோ நீட்டினார்கள் என்பது இவை எதிலும் வராது. அதைப் பிள்ளை சொன்னால்தான் உண்டு.

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து, 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று தெரிந்த வீடுகளில் பிரச்சினை குறைவு என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். அதனால் கண்காணிப்புதான் மருந்து என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இவர்கள் கேட்டது வேறு: அந்த விவரமெல்லாம் பெற்றோருக்கு எப்படித் தெரியவந்தது? துருவிக் கேட்டதாலும் கட்டுப்பாடு போட்டதாலும் தெரிந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னது. மறைக்க ஒன்றும் இல்லாத பிள்ளைதானே சொல்லும் என்று நீங்கள் மடக்கலாம்; அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் சொல்லும் வழியை அடைத்துவிட்டு ஆப்பை நம்புவது வீண் வேலை.

சரி, நல்லது கெட்டது தெரிந்த பிள்ளை ஏன் கையை நீட்டி வாங்குகிறான்? புகையிலையின் தீமைகள் பற்றிக் கேட்டால் முழு மார்க் வாங்கும் பதில் எழுதுவானே! காரணம், மூளை ஒரே சீராக வளர்வதில்லை. புதுமையையும் இன்பத்தையும் தேடும் பகுதிகள் பதின்ம வயதிலேயே சூடுபிடித்துவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் முதிர்ந்து முடிக்க ஏறத்தாழ 25 வயதாகிவிடும்.

இதில் நண்பர்களின் பங்கு தனி. அமெரிக்காவில் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவினர் கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ரிஸ்க் தாறுமாறாக ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. 2011-இல் மூளை ஸ்கேனோடு செய்த சோதனையில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்ம வயதினருக்கு இன்பத்தைத் தேடும் பகுதிகளே கூடுதலாக வேலை செய்தன. அறிவுரை அவன் தனியாக இருக்கும்போது மண்டையில் ஏறுகிறது. மொட்டை மாடியில் நான்கு பேர் சூழ நிற்கும்போது அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

மதுவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வளரும் பருவத்து எலிகளுக்கு மதுவைக் கொடுத்துப் பார்த்தால், வளர்ந்த எலிகள் அளவுக்கு அவற்றுக்குத் தூக்கமோ தள்ளாட்டமோ வருவதில்லை. ஆனால் கற்றதை நினைவில் வைக்கும் திறன் அதிகமாக அடிவாங்குகிறது. 'எனக்கு ஒண்ணும் ஆகல மச்சி' என்று ஒரு பையன் சொன்னால் அது வெறும் பந்தாவாக இருக்க வேண்டியதில்லை. போதும் என்று உடம்பு தரும் சமிக்ஞை அந்த வயதில் தாமதமாகத்தான் வருகிறது.

அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் லாபம். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது குடிக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குபவர்களுக்கு வேறு சிக்கல்களும் இருக்கும் என்பதால் முழுப் பழியையும் வயதின் மேல் போட முடியாது.

நம் வீடுகளில் சில மாமாக்கள் ஒரு தத்துவம் வைத்திருப்பார்கள்: வெளியே போய்க் கெடுவதைவிட வீட்டிலேயே ஒரு வாய் பீர் கொடுத்துப் பழக்கிவிட்டால் ஆசை அடங்கிவிடுமாம். ஆஸ்திரேலியாவில் 1927 பிள்ளைகளை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. பெற்றோர் கொடுத்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடியிருந்தது. போதாததற்கு, தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21.

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை தலைக்கேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, இரவில் பிள்ளைகள் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு வந்தது, பெற்றோர் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டார்கள். பத்தாவது வந்ததும் கிரிக்கெட் மட்டையைப் பரணில் ஏற்றிவிடும் நம் வழக்கம் இதற்கு நேர் எதிர்.

பிள்ளை சொல்லும் வழி பெரும்பாலும் சமையலறையில்தான் திறக்கிறது, மூடுவதும் அங்கேதான். "அம்மா, டியூஷன்ல ஒருத்தன் கூல் லிப் வெச்சிருந்தான்" என்கிறான். உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் அது. புகை இல்லை, நாற்றம் இல்லை; நிகோடின் வாயின் உட்தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. "யாருடா அவன்? இனிமே அவன்கூடப் பேசுன, தோலை உரிச்சிடுவேன்!" என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது; அடுத்த தகவல் வராது. வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் "அப்படியா? போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால், "ஒருத்தன் வாந்தி எடுத்துட்டான்மா" என்று வரும். அப்புறம் கொஞ்சம் விட்டு, "உன்கிட்டயும் நீட்டுனானா?" "ம்." "நீ என்ன சொன்ன?" உள்ளே பதறினாலும் முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். 'நம்ம வீட்டுல இது கிடையாது' என்று கறாராகச் சொல்ல வேண்டும்தான். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நண்பர்கள் முன்னால் 'வேண்டாம்' என்று சொல்வது அந்த வயதில் பெரிய பாரம் என்பதால், அந்தப் பாரத்தை அப்பா வாங்கிக்கொள்ளலாம். ஈசிஆர் பக்கம் யாரோ ஒருவன் வீட்டுப் பிறந்தநாள் விருந்து; பையன் "சாவி எங்கப்பா?" என்று மெசேஜ் அனுப்புகிறான். முன்பே பேசி வைத்துக்கொண்ட குறி அது. அப்பா உடனே போன் போட்டு, பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கும்படி "இப்பவே கிளம்பு" என்று கத்துகிறார். "எங்கப்பா பெரிய டார்ச்சர்டா" என்று சொல்லிக்கொண்டே அவன் மானம் போகாமல் வெளியே வருவான். அன்று ராத்திரி விசாரணை கூடாது. வைத்தால் அடுத்த முறை மெசேஜ் வராது.

ஏற்கெனவே தொடங்கிவிட்டான் என்றால் அடி, உதை, கோயிலில் சத்தியம் எல்லாவற்றுக்கும் முன்னால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு இலவசமாகப் பேசலாம். இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை 1980 முதல் இதே வேலையாக இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. டாபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக எடுத்துப் பழகிய பிள்ளையை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். திடீரென்று விட்டால் வரும் வாந்தி, உடம்பு வலி, தூக்கமின்மைக்கு டாக்டரிடம் மருந்து இருக்கிறது.