ஃபிப்ரிலேஷன்: பொருளும் தமிழ்ச்சொல்லும்

இதய நோயாளியின் அறிக்கையில் 'அரித்மியா', அதாவது துடிப்பின் ஒழுங்கு பிசகுவது, என்று இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவதும் அரித்மியாதான், நிமிடங்களில் உயிரைப் பறிப்பதும் அரித்மியாதான். 'வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்' அப்படிப்பட்ட பொதுச்சொல் அல்ல. இதயத்தின் கீழறை துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகிறது என்பதே அதன் பொருள்.

லத்தீனில் 'ஃபைப்ரா' என்றால் நார். 'ஃபைப்ரில்லா' சின்னஞ்சிறு நார். 1874இல் பிரெஞ்சு மருத்துவர் வுல்பியான் இந்த நடுக்கத்தை நார்களின் அசைவு என்ற பொருளில் குறிப்பிட்டார். பொருத்தமான பெயர்தான். இதயத் தசைநார்கள் ஒரே மின்தூண்டலுக்குக் கட்டுப்பட்டு ஒன்றாகச் சுருங்கினால்தான் ரத்தம் வெளியேறும். இங்கே ஒவ்வொரு நார்க்கற்றையும் தன் போக்கில் சுருங்குகிறது. மார்பைத் திறந்து பார்க்கும் அறுவை மருத்துவருக்குப் புழுக்கள் நெளியும் பை போலத் தெரியும். அசைவு இருக்கும், ரத்தம் நகராது. நாடி கிடைக்காது, சில நொடிகளில் நினைவு தப்பும். இ.சி.ஜி.யில் கூர்முனைகள் மறைந்து, உயரமும் அகலமும் மாறிக்கொண்டே இருக்கும் கோணல் அலை மட்டும் ஓடும்.

திடீர் மரணத்தில் இதயம் சட்டென்று அசைவற்று நின்றுவிடுவதாகவே முன்பு நினைத்தார்கள். இந்த நடுக்கம் காரணமாக இருக்கலாம் என்று 1889இல் எழுதியவர் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பணியாற்றிய உடலியலாளர் ஜான் மெக்வில்லியம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உதறல்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும் குளிரிலோ பயத்திலோ கைகால் உதறுவதுதான் நினைவுக்கு வருகிறது. 'குறுநடுக்கம்' எனக்குப் பிடித்திருக்கிறது. மூலச்சொல்லில் உள்ள சிறுமை 'குறு'வில் வந்துவிடுகிறது. ஆகவே கீழறைக் குறுநடுக்கம். முன்னால் உள்ள 'கீழறை'யை மட்டும் எழுதும்போது விட்டுவிடக் கூடாது. மேலறைக் குறுநடுக்கத்தோடு பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்; அதில் பெரிய கவலை ரத்தக்கட்டியும் பக்கவாதமும்தான். கீழறைக் குறுநடுக்கத்தை 'மாரடைப்பு' என்று எழுதுவதும் தவறு. மாரடைப்பு என்பது இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது. அது குறுநடுக்கத்தைக் கிளப்பிவிடலாம், ஆனால் இரண்டும் வேறு.

'டீஃபிப்ரிலேட்டர்' என்பதில் 'டீ' நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. குறுநடுக்க நீக்கி என்று சொன்னால் அதன் வேலையும் விளங்கிவிடும். ஷாக் கொடுத்து நின்ற இதயத்தை ஓட வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மின்னதிர்ச்சி நார்களின் தாறுமாறான சுருக்கத்தை ஒரே நேரத்தில் அடக்குகிறது. அந்த இடைவெளியில் இதயத்தின் இயற்கையான தூண்டல் முடிச்சு மறுபடி பொறுப்பேற்கிறது. திரையில் கோடு தட்டையாக இருந்தால் ஷாக்கால் பயன் இல்லாததும் இதனால்தான். 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக், அறுவை சிகிச்சையின்போது 14 வயதுச் சிறுவனின் இதயத்தில் நேரடியாக மின்தகடுகளை வைத்து அவனைக் காப்பாற்றினார். மார்பை அழுத்தும் முதலுதவி இல்லாவிட்டால், ஷாக் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். பழைய மாரடைப்பின் தழும்பு மின்னோட்டத்தைச் சுற்றவைத்துக் குறுநடுக்கத்தைக் கிளப்பிவிடலாம். கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்பதை 'எஜெக்ஷன் ஃபிராக்ஷன்' என்கிறார்கள், தமிழில் வெளியேற்ற வீதம். சிகிச்சைக்குப் பிறகும் அது 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், உடலுக்குள் வைக்கும் குறுநடுக்க நீக்கியான ஐ.சி.டி. கருவியைப் பற்றி மருத்துவர் பேசுவார். மிஷெல் மிரோவ்ஸ்கியின் குழு உருவாக்கிய அந்தக் கருவி 1980இல் முதல்முறையாக ஒரு மனிதருக்குள் பொருத்தப்பட்டது. ஆனால் 35 என்ற எண்ணை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. அதைவிட நல்ல வீதம் உள்ளவர்களிலும் திடீரென இறப்பவர்கள் உண்டு. ஓடும்போது வந்த மயக்கம், குடும்பத்தில் இளவயதில் நேர்ந்த திடீர் மரணம் இவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஐ.சி.டி. வைத்த பிறகும் இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை பெரும்பாலும் தொடரும். கருவி நடுக்கத்தை நிறுத்துமே தவிர, அது கிளம்பும் தழும்பை ஆற்றாது. அடிக்கடி ஷாக் அடித்தால், தழும்பில் மின்னோட்டம் சுற்றும் பாதையைத் தேடிச் சுடும் 'அப்லேஷன்' சிகிச்சையும் உண்டு.